மாற்று மூட்டும் தேயும்!

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள்.

கல்லே தேயும் என்றால், மனிதன் செய்த மூட்டு தேயாமல் இருக்குமா?

தேயும். தேய்ந்தால் தூள் விழும். அந்தத் தூள் எங்கே போகிறது? என்ன செய்கிறது? இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட ஒவ்வொருவரும், அவர்களுடைய வீட்டாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

ஆட்டுக்கல்லைக் கொத்திய பிறகு முதலில் ஆட்டிய மாவை நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? தூரக் கொட்டிவிடுவார்கள். அதில் கல் தூள் கலந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். மின்சாரக் கிரைண்டர் வந்த பிறகும், புதுக் கல்லில் ஆட்டிய முதல் ஈட்டை யாரும் தின்பது இல்லை.

மாவைக் கொட்டிவிடலாம். உடம்புக்குள் விழுந்த தூளை எங்கே கொட்டுவது?

பெரிய வரப்பிரசாதம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனை நான் குறை சொல்ல வரவில்லை. அது மனித குலத்துக்குக் கிடைத்த ஒரு வரப்பிரசாதம். உலகத்தில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் அதிகமான இடுப்பு மூட்டுகள் மாற்றப்படுகின்றன. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். கோவிலுக்குப் போகிறார்கள். கடைக்குப் போகிறார்கள். பேரன் பேத்தி கல்யாணத்தில் நின்று வரவேற்கிறார்கள்.

ஆனால் பலரும் ஒரு தவறான எண்ணத்தில் இருக்கிறார்கள். "ஆபரேஷன் முடிந்தது. வலி போய்விட்டது. இனி ஆஸ்பத்திரி பக்கமே போக வேண்டாம்" என்று நினைக்கிறார்கள்.

அந்த எண்ணம்தான் ஆபத்து. ஏன் என்று சொல்கிறேன்.

பந்தும் கிண்ணமும்

நம் இடுப்பில் ஒரு கிண்ணம் இருக்கிறது. தொடை எலும்பின் தலை பந்து போல உருண்டையாக இருக்கிறது. பந்து கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. அதனால்தான் காலை முன்னே வீசலாம், பின்னே வீசலாம், சம்மணம் போட்டு உட்காரலாம்.

பந்தின் மேலும் கிண்ணத்தின் உள்ளேயும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. நடுவில் எண்ணெய் போல ஒரு நீர் இருக்கிறது. பனிக்கட்டி மீது பனிக்கட்டி வழுக்குவதைவிட நம் மூட்டு நன்றாக வழுக்கும். ஆண்டவன் செய்த மூட்டு அப்படிப்பட்டது!

வாத நோயாலோ, முதுமையாலோ, ரத்த ஓட்டம் நின்றுபோவதாலோ இந்தக் குருத்தெலும்பு கெட்டுவிடுகிறது. அப்போது எலும்போடு எலும்பு உரசுகிறது. ஓர் அடி எடுத்து வைத்தாலும் உயிர் போகிற வலி!

இந்த வலியைப் போக்க வழி கண்டவர், இங்கிலாந்து நாட்டு டாக்டர் ஜான் சார்ன்லி. அவர் 1911-ம் ஆண்டு பிறந்தவர். லங்காஷயர் பகுதியில், விகன் நகருக்கு அருகே உள்ள ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். முன்பு அது காசநோய் ஆஸ்பத்திரியாக இருந்த இடம்.

அவருடைய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் கற்க வேண்டிய பாடம் அதில்தான் இருக்கிறது.

கீச்... கீச்...

1950-ஐ ஒட்டிய ஆண்டுகள். பிரான்ஸ் நாட்டில் ஜூடே என்ற இரண்டு சகோதரர்கள், தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே ஒரு பிளாஸ்டிக் பந்தைப் பொருத்தினார்கள். அந்த முறை இங்கிலாந்திலும் பரவியது.

அப்படி ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருக்கு ஒரு விசித்திரமான தொல்லை. சாப்பாட்டு மேஜையில் முன்னே குனிந்தால் போதும், இடுப்பில் இருந்து "கீச்" என்று சத்தம் வரும். வீட்டு அம்மாவால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லையாம்.

மற்ற டாக்டர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். சார்ன்லி யோசித்தார். வண்டிச் சக்கரம் எப்போது கீச்சிடும்? மை இல்லாதபோது! இடுப்பு கீச்சிடுகிறது என்றால், அங்கே உரசல் இருக்கிறது. உரசல் இருந்தால் ஆட்டம் கொடுக்கும். ஆட்டம் கொடுத்தால் கழன்று போகும்.

எனவே, நன்றாக வழுக்கும் பொருளைத் தேடினார். டெப்லான் என்ற வெள்ளைப் பிளாஸ்டிக் கிடைத்தது. இன்று தோசைக் கல்லில் மாவு ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே டெப்லான்தான்!

டெப்லானில் கிண்ணம் செய்தார். எஃகில் சிறிய பந்து செய்தார். பல் டாக்டர்கள் பயன்படுத்திவந்த ஒருவகைப் பசையைச் சிமெண்டு போலக் குழைத்து, அதை வைத்து மூட்டை எலும்போடு இறுக்கினார்.

அற்புதம்! நொண்டியவர்கள் நடந்தார்கள். ஊன்றுகோலை வீசி எறிந்தார்கள். ஏறக்குறைய 300 பேருக்கு டெப்லான் கிண்ணம் பொருத்தப்பட்டது.

இடி விழுந்தது

இரண்டு மூன்று ஆண்டுகள் போயின. நடந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மறுபடியும் வலி! எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார் சார்ன்லி. எஃகுப் பந்து டெப்லான் கிண்ணத்தைக் குடைந்துகொண்டு உள்ளே இறங்கியிருந்தது.

ஆபரேஷன் செய்து திறந்தார். உள்ளே பாலாடைக் கட்டி போல வெள்ளை வெள்ளையாகத் திரண்டிருந்தது. சீழ் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது சீழ் அல்ல. அதில் கிருமி இல்லை.

அது டெப்லான் தூளை உடம்பு எதிர்த்துப் போராடியதன் விளைவு!

டெப்லான் நன்றாக வழுக்கியது உண்மை. ஆனால் சீக்கிரம் தேய்ந்தது. தேய்ந்த தூள் சுற்றியிருந்த சதையைக் கெடுத்தது. எலும்பை அரித்தது.

சார்ன்லி ஓடி ஒளியவில்லை. நோயாளிகள்மீது பழி போடவில்லை. "நீ அதிகமாக நடந்துவிட்டாய்" என்று சொல்லவில்லை. தாம் பொருத்திய கிண்ணங்களைத் தாமே திரும்பத் திறந்து எடுத்தார். ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார். நடந்ததை எழுதி, ஊர் அறிய வெளியிட்டார்.

பெரிய மனிதர் என்றால் இவர் அல்லவா பெரிய மனிதர்?

தறியில் இருந்து வந்த பல்சக்கரம்

1962-ம் ஆண்டு மே மாதம். ஒரு விற்பனையாளர் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். லங்காஷயர் நெசவு ஆலைகளின் தறிகளில் போடுவதற்காக ஜெர்மனியில் இருந்து வந்த பொருள் அது. பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில், மிகக் கெட்டியான ஒருவகை.

சார்ன்லியின் பட்டறையில் ஹாரி கிரேவன் என்று ஒரு தொழில்நுட்ப உதவியாளர் இருந்தார். அவர் அதைச் சார்ன்லியிடம் காட்டினார். சார்ன்லி அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, இது உதவாது என்று போய்விட்டார்.

கிரேவன் விடவில்லை. சார்ன்லி வெளிநாடு போயிருந்த நேரத்தில், தாம் செய்து வைத்திருந்த தேய்மான இயந்திரத்தில் அதைப் பொருத்தி ஓடவிட்டார். இரவும் பகலும் ஓடியது. மூன்று வாரம் ஓடியும், டெப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுகூட அது தேயவில்லை!

திரும்பி வந்த சார்ன்லி அதைப் பார்த்தார். தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். உதவியாளர் சொல்லி நாம் கேட்பதா என்று வீம்பு பிடிக்கவில்லை.

தம் தொடையிலேயே சோதனை!

தேய்மானம் குறைவு. சரி. ஆனால் அதன் தூளும் சதையைக் கெடுக்குமா?

இதை யார் உடம்பில் சோதிப்பது? சார்ன்லி தம் உடம்பையே கொடுத்தார். டெப்லான் துண்டுகளையும், புதிய பிளாஸ்டிக் துண்டுகளையும் தம் தொடையில் தோலுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது மாதம் ஆயிற்று. டெப்லான் இருந்த இடம் கட்டி கட்டியாக வீங்கியிருந்தது. கையால் தடவினால் தெரிந்தது. புதிய பிளாஸ்டிக் இருந்த இடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இதை 1963-ம் ஆண்டு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்.

புதிய பிளாஸ்டிக் கிண்ணத்தை 1962-ம் ஆண்டு நவம்பரில் நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கினார். இன்று உலகெங்கும் பொருத்தப்படும் மூட்டுகளில் பெரும்பாலானவற்றின் கிண்ணம், அந்தப் பிளாஸ்டிக்கின் வழி வந்ததுதான்.

அதற்குப் பிறகும் அவர் அவசரப்படவில்லை. தம்மிடம் நேரில் வந்து கற்றுக்கொண்ட டாக்டர்களுக்குத்தான் அந்த மூட்டை விற்க வேண்டும் என்று பல ஆண்டுகள் கட்டுப்பாடு வைத்திருந்தார். நோயாளிகளிடமும் ஒரு வேண்டுகோள் விடுத்தார். "நீங்கள் இறந்த பிறகு இந்த மூட்டை ஆராய்ச்சிக்குத் திருப்பித் தர வேண்டும்" என்று கேட்டார். பலர் சம்மதித்தார்கள். தங்களுக்குப் பின் வருகிறவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

1977-ம் ஆண்டு இங்கிலாந்து அரசு அவருக்கு "சர்" பட்டம் வழங்கியது. 1982-ம் ஆண்டு அவர் காலமானார்.

தூள் செய்யும் வேலை

சரி, நல்ல பிளாஸ்டிக் வந்துவிட்டது. கதை முடிந்ததா?

முடியவில்லை. மெதுவாகத் தேய்ந்தாலும் தேய்மானம் தேய்மானம்தானே?

மூட்டு மாற்றிக்கொண்ட ஒருவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் அடி நடக்கிறார். சுறுசுறுப்பானவர் இன்னும் அதிகமாக நடப்பார். பழைய வகைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில், ஒவ்வோர் அடிக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் லட்சக்கணக்கில் உதிரும். அவற்றில் பெரும்பாலானவை, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் வருகிற ஒரு கூறைவிடச் சிறியவை!

நம் உடம்பில் துப்புரவு செய்யும் செல்கள் உண்டு. கிருமி வந்தாலும் குப்பை வந்தாலும் அவை விழுங்கிச் செரித்துவிடும். பிளாஸ்டிக் துகளையும் கிருமி என்று எண்ணி அவை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடியவில்லை. பிளாஸ்டிக் எப்படிச் செரிக்கும்?

செரிக்காத செல் என்ன செய்யும்? கூச்சல் போடும்! ஒருவகை ரசாயனப் பொருளைக் கக்கி, "ஆபத்து! ஆபத்து!" என்று மற்ற செல்களை அழைக்கும். இன்னும் பல செல்கள் ஓடிவரும். அவையும் துகளை விழுங்கும். அவையும் கூச்சல் போடும்.

அந்தக் கூச்சல் எலும்பின் காதிலும் விழுகிறது. அங்கேதான் விபரீதம்!

நம் எலும்பில் எந்நேரமும் இரண்டு வேலை நடக்கிறது. பழைய எலும்பை இடிக்கும் செல்கள் ஒரு பக்கம். புதிய எலும்பைக் கட்டும் செல்கள் மறு பக்கம். இடிப்பதும் கட்டுவதும் சமமாக இருக்கும்வரை எலும்பு உறுதியாக இருக்கும். துப்புரவுச் செல்களின் கூச்சலைக் கேட்டதும், இடிக்கும் செல்கள் பெருகிவிடுகின்றன. கட்டுகிற கொத்தனார் ஒருவர், இடிக்கிற ஆள் பத்துப்பேர் என்றால் வீடு என்ன ஆகும்?

மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு கரைகிறது. செல்லரித்த மரம் போல ஆகிறது. உள்ளே இறுக்கமாக இருந்த மூட்டு ஆட்டம் கொடுக்கிறது. சில சமயம் எலும்பே முறிந்துவிடுகிறது.

இந்த உண்மையைக் கண்டுபிடிக்கவும் காலம் பிடித்தது. 1977-ம் ஆண்டு ஜெர்மனி நாட்டு டாக்டர் வில்லெர்ட்டும் அவருடன் ஆராய்ந்தவரும், தேய்ந்த தூளுக்கும் எலும்பு அரிப்புக்கும் உள்ள தொடர்பை விளக்கினார்கள். ஆனாலும் பல டாக்டர்கள், குற்றவாளி சிமெண்டுதான் என்று எண்ணினார்கள். அதற்கு "சிமெண்டு நோய்" என்று பெயரும் வைத்தார்கள். சிமெண்டு இல்லாமல் பொருத்தும் மூட்டுகளைச் செய்தார்கள். அவற்றிலும் எலும்பு அரித்தது! பிறகுதான், எந்தப் பொருளின் தூளாக இருந்தாலும் இந்தக் கேடு வரும் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

வலிக்காமல் வரும் கேடு

வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இது.

எலும்பு கரையும்போது பெரும்பாலும் வலி இருக்காது!

பல் சொத்தை முதலில் வலிக்கிறதா? இல்லை. ஆழமாகப் போன பிறகுதான் வலிக்கிறது. இதுவும் அப்படித்தான். ஆண்டுக்கணக்காக உள்ளே எலும்பு கரையும். ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார். ஒருநாள் தொடை இடுக்கில் வலி வரும். அல்லது தொடையில் வலி வரும். உட்கார்ந்து எழுந்தால் முதல் அடி வைக்க முடியாது. அதற்குள் உள்ளே பாதி எலும்பு போயிருக்கும்.

எலும்பு நிறைய இருக்கும்போது கண்டுபிடித்தால், கிண்ணத்தை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடிவது உண்டு. எலும்பு போன பிறகு வந்தால், இரண்டாவது ஆபரேஷன் பெரிய ஆபரேஷன். வேறு எலும்பு கொண்டுவந்து வைத்து நிரப்ப வேண்டியிருக்கும். செலவும் அதிகம். சிரமமும் அதிகம்.

ஓர் எக்ஸ்ரே படம் இதை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். கரைந்த எலும்பு படத்தில் கருப்புத் திட்டாகத் தெரியும். அந்தப் படத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு? இரண்டாவது ஆபரேஷனுக்கு ஆகும் செலவு எவ்வளவு? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உலோகத்தோடு உலோகம்

பிளாஸ்டிக் தேய்கிறதா? அப்படியானால் பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம் என்று செய்தால் என்ன? கம்பெனிகள் இப்படி யோசித்தன. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த வகை மூட்டுகள் ஏராளமாக விற்பனை ஆயின.

பிளாஸ்டிக் தூள் இல்லை, உண்மைதான். ஆனால் உலோகத் தூள் விழுந்தது! பிளாஸ்டிக் துகளைவிட மிகமிகச் சிறிய துகள்கள். கோபால்ட், குரோமியம் என்ற உலோகங்கள் கரைந்து ரத்தத்தில் கலந்தன. மூட்டைச் சுற்றிச் சிலருக்குப் பெரிய கட்டிகள் வளர்ந்தன. அவை புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. ஆனால் சதையையும் நரம்பையும் கெடுத்தன.

ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தைச் சேர்ந்த டிபியூ என்ற கம்பெனி செய்த "ஏ.எஸ்.ஆர்." என்ற மூட்டு இதில் பெயர் கெட்டது. இங்கிலாந்து நாட்டுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, அந்த மூட்டைப் பொருத்திக்கொண்டவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு ஐந்தே ஆண்டுகளில் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது தெரிந்தது. 2010-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கம்பெனி அதை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அதற்குள் ஏறக்குறைய 93 ஆயிரம் பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது.

நம் நாட்டிலும் அது விற்கப்பட்டது. ஏறக்குறைய 4,700 ஆபரேஷன்களில் அது பொருத்தப்பட்டது. 2017-ம் ஆண்டு மத்திய அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. 2018-ம் ஆண்டு குழுவின் அறிக்கை வெளியானது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 30 லட்சம் ரூபாய் முதல் ஒரு கோடிக்கும் மேல் இழப்பீடு தரலாம் என்று கணக்கும் போடப்பட்டது.

ஆனால் வாங்குவதற்கு ஆள் எங்கே?

அந்த 4,700 பேரில் ஏறக்குறைய 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று அப்போது செய்தி வந்தது!

படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது அல்லவா? உடம்புக்குள் கெட்டுப்போன மூட்டு. அதை எடுக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்கிறது. இழப்பீட்டுக்குக் கணக்கு இருக்கிறது. ஆனால் அந்த மனிதரின் பெயரும் முகவரியும் எங்கும் ஒழுங்காக எழுதிவைக்கப்படவில்லை. அவர் எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்தத் திண்ணையில் உட்கார்ந்து, "வயசாகிவிட்டது, வலிக்கத்தான் செய்யும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாரோ!

சுவீடனைப் பாருங்கள்

சுவீடன் சிறிய நாடு. அங்கே 1979-ம் ஆண்டிலேயே இடுப்பு மூட்டுக்கு ஒரு பதிவேடு தொடங்கிவிட்டார்கள். யாருக்கு, எந்த ஆஸ்பத்திரியில், எந்த மூட்டு, என்று பொருத்தப்பட்டது, என்று கழன்றது, எல்லாம் அதில் எழுதப்படுகிறது. எந்த மூட்டு சீக்கிரம் கெடுகிறது என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிடும். கெட்ட சரக்கை டாக்டர்கள் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

இங்கிலாந்தில் 2003-ம் ஆண்டு இப்படிப்பட்ட பதிவேடு வந்தது. அது இருந்ததால்தான் ஏ.எஸ்.ஆர். மூட்டின் குற்றம் வெளிச்சத்துக்கு வந்தது.

நம் நாட்டில் மருத்துவக் கருவிகளால் வரும் தீங்கைக் கண்காணிக்க 2015-ம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அது நல்ல காரியம். ஆனால் கெடுதல் நடந்த பிறகு சொல்லுவது வேறு. பொருத்திய அன்றே எழுதிவைப்பது வேறு. வண்டி வாங்கினால் நம்பர் இருக்கிறது. பதிவு இருக்கிறது. ஓட்டுகிறவர் யார் என்று அரசாங்கத்துக்குத் தெரிகிறது. மனிதன் உடம்பில் வைக்கும் மூட்டுக்கு அந்த மரியாதைகூட வேண்டாமா?

மூட்டு மாற்றும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும், பெரியதோ சிறியதோ, தான் பொருத்தும் ஒவ்வொரு மூட்டையும் நாடு தழுவிய ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். விருப்பம் இருந்தால் எழுதலாம் என்று விடக்கூடாது. கட்டாயமாக்க வேண்டும். இதுதான் என் முக்கியமான கோரிக்கை.

பயமுறுத்துகிறேனா?

"ஏன் ஐயா எல்லோரையும் பயமுறுத்துகிறீர்? இதைப் படித்துவிட்டு, வலியால் துடிக்கும் பாட்டி ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. அதற்கும் பதில் சொல்கிறேன்.

பாட்டி தாராளமாக ஆபரேஷன் செய்துகொள்ளலாம். இன்றைய மூட்டு, பழைய மூட்டு அல்ல. 1990-களின் கடைசியில் இருந்து, கதிர்வீச்சுப் பாய்ச்சி இன்னும் உறுதியாக்கப்பட்ட பிளாஸ்டிக் கிண்ணம் வந்துவிட்டது. அது முன்பு இருந்ததைவிட மிகக் குறைவாகவே தேய்கிறது. பீங்கான் வகைப் பந்தும் வந்துவிட்டது. எலும்பு அரிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. உலோகத்தோடு உலோகம் உரசும் பெரிய பந்து மூட்டுகளை டாக்டர்கள் அநேகமாகக் கைவிட்டுவிட்டார்கள்.

2019-ம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி, பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தது. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட 100 பேரில் ஏறக்குறைய 58 பேருக்கு அது 25 ஆண்டுகள் உழைக்கிறது என்று சொன்னது. அவை பழைய மூட்டுகள். இன்றைய மூட்டு இன்னும் நன்றாக உழைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

ஆனால் மீதி 42 பேரை மறந்துவிடக்கூடாது. அவர்களில் ஒருவர் நம் வீட்டில் இருக்கலாம். 1990-களிலும் 2000-களிலும் பொருத்திக்கொண்ட மூட்டுகளோடு இன்றும் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்குத்தான்.

உண்மையைச் சொன்னால் நோயாளி பயப்படுவார் என்று சிலர் மறைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சைக்கிள் வாங்கினால், "எண்ணெய் போடு, பிரேக் கட்டையைப் பார்த்துக்கொள்" என்று கடைக்காரர் சொல்கிறார். அதைக் கேட்டு யாராவது சைக்கிளே வேண்டாம் என்று ஓடுகிறார்களா?

நீங்கள் செய்ய வேண்டியது

மூட்டு மாற்றியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் சில வார்த்தை.

உங்களுக்குப் பொருத்திய மூட்டின் பெட்டியில் சிறு சீட்டுகள் ஒட்டியிருக்கும். கம்பெனி பெயரும், மூட்டின் பெயரும், எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் அதை ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஒட்டிவைப்பார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்தில் அதையும் பத்திரமாக வையுங்கள்.

ஆபரேஷன் ஆகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும் பரவாயில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய், "எனக்கு என்ன மூட்டு வைத்தீர்கள்?" என்று கேளுங்கள்.

வலி இல்லாவிட்டாலும், டாக்டர் சொல்லும் கெடுவில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பழைய படத்தைத் தூக்கி எறியாதீர்கள். புதுப் படத்தைப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் தேய்மானம் தெரியும்.

உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டாக இருந்தால், எக்ஸ்ரே மட்டும் போதாது. ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

தொடை இடுக்கில் வலி, புதிதாக ஒரு நொண்டல், இடுப்பில் வீக்கம், நடக்கும்போது சத்தம் - இவற்றில் எது வந்தாலும் தைலத்தோடு நிறுத்தாதீர்கள். மூட்டு டாக்டரிடம் போங்கள்.

வீடு மாறினால் ஆஸ்பத்திரிக்குப் புது முகவரியும் போன் நம்பரும் கொடுங்கள். 3,600 பேர் தொலைந்துபோனதுபோல நீங்களும் தொலைந்துவிடக்கூடாது.

டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை

டாக்டர் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆபரேஷன் முடிந்து நோயாளி கும்பிட்டுவிட்டுப் போகும்போது, "பத்து ஆண்டுக்குப் பிறகும் என்னை வந்து பார்" என்று சொல்லி அனுப்புங்கள். வராவிட்டால் ஒரு கடிதம் போடுங்கள். போனில் கூப்பிடுங்கள்.

சார்ன்லி அதைத்தான் செய்தார். தாம் பொருத்திய மூட்டு என்ன ஆயிற்று என்று கடைசிவரை பார்த்தார். தோற்றுப்போன 300 மூட்டுகளை அவர் திரும்பிப் பார்க்காமல் விட்டிருந்தால், தூள் எலும்பைத் தின்னும் என்ற உண்மை அன்று தெரிந்திருக்காது. ஹாரி கிரேவனின் பல்சக்கரம் குப்பைக்குப் போயிருக்கும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். மூட்டு மாற்றிய அப்பாவோ, அம்மாவோ, தாத்தாவோ, பாட்டியோ இருந்தால், பீரோவைத் திறந்து அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் தேடுங்கள். கடைசியாக எக்ஸ்ரே எடுத்தது எந்த ஆண்டு என்று பாருங்கள்.

காகிதமே கிடைக்கவில்லையா? நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.